எதிர்ச்சொல்லா, முரணா? கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். குழந்தைகளுக்காக ஒரு சொல் விளையாட்டு தயாரித்துக் கொண்டிருக்கிறேன். தொடக்கத்திலேயே சிக்கிக்கொண்டேன். இரவு × பகல், மேடு × பள்ளம் போன்றவற்றை எதிர்ச்சொல் என்கிறோம், சரி. ஆனால் 'எதிர்' எப்போதும் பகை காட்டுவதில்லையே! எதிர்வீடு என்றால் நேர் முன்னால் இருக்கும் வீடு, எதிர்காலம் என்றால் இனி வரப்போகும் காலம். எதிர்பார்ப்பில் பகைக்கு இடமே இல்லை.

அப்புறம் 'முரண்'. செய்யுளில் இன்பம், துன்பம் என்று மாறுபட்ட சொற்களைத் தொடுப்பது முரண்தொடை. பேச்சிலோ முரண்டு பிடிக்கிறான் என்கிறோம். முரண்பாடு என்றால் கருத்து மோதல். எனக்கென்னவோ முரண்தான் அழகான சொல்லாகப் படுகிறது, ஆனால் குழந்தைகளுக்குப் புரியுமா?

இன்னொரு குழப்பம்: 'வந்தான்' என்பதற்கு 'வரவில்லை' எதிர்மறை. 'போனான்' எதிர்ச்சொல். இரண்டையும் ஒரே சுற்றில் வைக்கலாமா? வாங்கு × விற்பனை என்று ஒருவர் எழுதித் தந்தார். ஒன்று வினை, மற்றது பெயர், அதனால் 'விற்பனை'யை 'வில்' என்று மாற்றினேன். அதுவோ அம்பு விடும் வில்லாகிவிட்டது!

ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: வகுப்பில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள்? கணவன், மனைவி போன்ற சோடிகளை எதிர்ச்சொல்லாக ஏற்பீர்களா?