ரங்கூன் குடும்பம் குழு: சுபா நிச்சயத்துக்கு என்ன சட்டை?

செவ்வாய், காலை

ராணி அத்தை: மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே அரக்கு நிறத்தில் வருகிறார்களாம். மாப்பிள்ளை ஊர் தட்டோனிலிருந்து செய்தி.

அம்மா: யார் சொன்னது அண்ணி?

ராணி அத்தை: பூக்காரம்மா

ரமேஷ் அத்தான்: அப்படியென்றால் உண்மைதான்

கவிதாக்கா: அம்மா, நாமும் அரக்குதானே எடுப்பதாக இருந்தோம்?

ராணி அத்தை: அதைத்தான் சொல்கிறேன். நிறத்தை மாற்றணும். ஏழு பேருக்கும் ஒரே துணி, ஒரே தையல். சுபா ஒரு பெப்ளம் சட்டை காட்டினாள். இடுப்போடு ஒட்டிக் கீழே விரியும். இடுப்பில் சுற்றிக் கட்டும் தமெயின் மேலே போட்டால் எடுப்பாக இருக்கும். படம் அனுப்புகிறேன்.

ராணி அத்தை: (படம்)

நான்: அத்தை இது அரிசிக் கடை பில்

ராணி அத்தை: இரு

ராணி அத்தை: (படம்)

சுபா: நான் காட்டியது இது இல்லை அம்மா. பரவாயில்லை, கிட்டத்தட்ட.

மோகன் சித்தப்பா: காலை வணக்கம். சாப்பாடு யார் பொறுப்பு?

அம்மா: அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு இது சரிவருமா?

மீனாக்கா: அத்தை, ஒரே பேட்டர்ன் வைத்து ஏழு பேருக்கும் வெட்டினால் இரண்டு பேருக்குத்தான் நன்றாக இருக்கும். மற்ற ஐந்து பேரும் போட்டோவில் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். பெப்ளத்தில் எல்லாமே அந்த இடுப்புத் தையல்தான். உடம்பு எங்கே ஒடுங்குகிறதோ அங்கே தையல் உட்கார வேண்டும். நிறையப் பேருக்கு அது தொப்புளுக்கு ஒன்றிரண்டு அங்குலம் மேலே இருக்கும். தெரியவில்லை என்றால் ஒரு நாடாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இடமும் வலமும் சாய்ந்து பாருங்கள், நாடா தானே நகர்ந்து ஓர் இடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து ஓர் அங்குலம் கீழே இறங்கினாலும் போச்சு, வயிறு இதோ இருக்கிறது என்று நாமே கோடு போட்டுக் காட்டியதாகிவிடும். அப்புறம் விரியும் துண்டு எங்கே முடிகிறது என்பது. இடுப்பின் அகலமான இடத்தில் சரியாக முடியவே கூடாது. அதற்கு மேலேயே நிறுத்தணும், இல்லை நன்றாகத் தாண்டிக் கீழே போகணும். தோராயமாக

நான்: தோராயமாக?

நான்: அக்கா?

கவிதாக்கா: அங்கே கரண்ட் போயிருக்கும். வைஃபையும் போச்சு.

மோகன் சித்தப்பா: அப்போ சாப்பாடு?

ரமேஷ் அத்தான்: பிரியாணி

ராணி அத்தை: நிச்சயத்துக்குப் பிரியாணி கிடையாது. கோயில் மண்டபம்.

ரமேஷ் அத்தான்: என் கல்யாணத்துக்கும் அதையேதான் சொன்னீர்கள்

ராணி அத்தை: உன் கல்யாணத்தில் நான் சொன்னதை யார் கேட்டார்கள்

அம்மா: சரி சரி. துணிக்கு வாருங்கள்.

தீரி அக்கா: அத்தை, மிங்கலா மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த தையல் அக்கா இருக்கிறார். வுன்செட், அதான் மேலும் கீழும் ஒரே துணியில் வரும் செட், நன்றாகத் தைப்பார். பெப்ளமும் தைப்பார்.

ராணி அத்தை: நம்மிடம் மீனா இருக்கிறாளே

தீரி அக்கா: ஹொக்கே, சரி

வியாசர்பாடி பெரியம்மா: எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே மழை. படம் பார்த்தேன். இதைத்தான் என் பேத்தி ஜீன்ஸ் மேலே போடுகிறாள். நீங்கள் தமெயினோடு போட்டால்தான் லட்சணம். 65-ல் பர்மாவை விட்டுக் கப்பல் ஏறும்போது அம்மா கட்டியிருந்த தமெயின் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அமரபுராவில் நெய்தது. நகையை எல்லாம் கழற்றி வாங்கினவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

அம்மா: அக்கா, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்

வியாசர்பாடி பெரியம்மா: பேரன் வந்ததும் எடுக்கச் சொல்கிறேன். அத்தோ நூடுல்ஸ் கடைக்குப் போயிருக்கிறான்.

செவ்வாய், மாலை

மீனாக்கா: கரண்ட் வந்தது. தோராயமாக 5 முதல் 7 அங்குலம் நீளம், அந்த விரியும் துண்டுக்கு. குள்ளமானவர்களுக்கு 5 போதும், நீளம் கூடினால் கால் குட்டையாகத் தெரியும். இப்போது அந்தத் துண்டை வெட்டும் வட்டத்துக்கு வருகிறேன்.

நான்: வந்துவிட்டீர்கள்

மீனாக்கா: சிரிக்காதே நிலா. இடுப்பு 32 என்று வைத்துக்கொள். முழு வட்டமாக வெட்டினால் நடுத் துளைக்கு ஆரம் 32 வகுத்தல் 6.28, அதாவது 5.1 அங்குலம். 7 அங்குல நீளம் சேர்த்தால் கீழ்விளிம்பு சுற்றளவு 76 அங்குலம் வரும். அரை வட்டம் என்றால் ஆரம் 10.2, கீழ்விளிம்பு 54 அங்குலம்தான். 76-ஐக் கொண்டுபோய் விறைப்பான துணியில் தைத்தால் குடை மாதிரி நிற்கும். உனக்கு இடுப்பே இல்லை, உனக்கு அது சரி. சித்திக்கும் அத்தைக்கும் அரை வட்டம், துணி க்ரேப் மாதிரித் தொங்குவதாக இருக்கணும்.

ராணி அத்தை: எனக்கு என்ன குறை, நானும் முழு வட்டம் போடுவேன்

ராணி அத்தை: துணி அதிகம் ஆகும் என்று பார்க்கிறாயா? ரமேஷ் கல்யாணத்தில் மூன்று கெஜம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது

மீனாக்கா: அத்தை! அந்த மூன்று கெஜத்தை நான் எடுக்கவில்லை. சித்தியிடம் கேளுங்கள்.

அம்மா: என்னை எதற்கு இழுக்கிறாய்

மீனாக்கா: துணி அதிகம் ஆகாது என்பதைத்தான் சொல்ல வந்தேன். முழு வட்டத்துக்கு 24 அங்குலச் சதுரம். அரை வட்டத்துக்கு 17-க்கு 34. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றுதான். தையல்காரர்களே பலர் இதை நம்ப மாட்டார்கள்.

ரமேஷ் அத்தான்: பெருக்கினேன். 576, 578.

ராணி அத்தை: உன்னை யார் கேட்டார்கள்

கவிதாக்கா: எனக்கு ஐந்தாம் மாதம். எனக்கு இடுப்பு எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மீனாக்கா: உனக்குத் தையல் மார்புக்குக் கீழேயே போய்விடும் கவிதா. பின்னால் நாடா வைத்துத் தருகிறேன், முடிச்சைத் தளர்த்திக்கொள்ளலாம். பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விடுகிறேன், பிள்ளை பிறந்த பிறகு சின்னதாகவும் ஆக்கலாம். அத்தைக்கு வி கழுத்து. காலர், நெஞ்சில் சுருக்கம், பெரிய பூ எதுவும் வேண்டாம். மேலேயும் கனம், கீழேயும் விரிப்பு என்றால் நடுவில் ஆளே தெரிய மாட்டார். சித்திக்குக் கை முழங்கை வரைக்கும், இறுக்கமாக.

அம்மா: பெல்ட்?

மீனாக்கா: வேண்டாம் சித்தி. தையலே போதும். பெல்ட் போட்டால் ஒரு நாள் முழுக்க அதை இழுத்து விட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

நான்: கீழே தமெயின்தானே எல்லாருக்கும்? பாவாடை இல்லையே?

மீனாக்கா: மேலே விரிந்தால் கீழே ஒடுங்கணும், அவ்வளவுதான். தமெயின் நேராக விழும், அதனால்தான் நன்றாக இருக்கிறது. சுருக்குப் பாவாடை போட்டால் இரண்டும் சண்டை போடும். புடவை மேலே பெப்ளம் போடுகிறவர்கள்கூட முந்தியை மடித்துப் பின் குத்தி, கொசுவத்தை மெல்லியதாகத்தான் வைக்கிறார்கள். 1947-ல் பாரிஸில் கிறிஸ்டியன் தியோர் காட்டின 'பார்' என்ற ஜாக்கெட்டும் இப்படி இடுப்பைப் பிடித்து, அதற்குக் கீழே விரித்ததுதான், ஆனால் அதற்குள்ளே

ராணி அத்தை: எனக்குப் பாரிஸ் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

மோகன் சித்தப்பா: 👏

தீரி அக்கா: ஒன்று சொல்லலாமா? தமெயினை இடுப்பில் செருகும் இடத்தில் மடிப்பு தடித்து நிற்கும். ஒட்டின சட்டை போட்டால் அது தெரியும். பெப்ளம் அதை மறைக்கும். அதனால் எங்கள் பர்மியப் பெண்களுக்கு இது பிடிக்கும். ஆனால் தையல் அந்த மடிப்பு மேலேயே உட்கார்ந்தால் இன்னும் பெரியதாகத் தெரியும்.

மீனாக்கா: தீரி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் இதை எழுத மறந்தேன் பார். தமெயினின் கறுப்பு மேல்பட்டி இருக்கும் இடத்துக்கு மேலேதான் தையல் வரணும். இல்லையென்றால் தமெயினையே கொக்கி வைத்துத் தைத்துவிடலாம்.

ராணி அத்தை: தைத்த தமெயினை நான் கட்ட மாட்டேன். அவிழ்ந்தால் இழுத்துச் செருகிக்கொள்வேன்.

சுபா: அம்மா, அச்செய் அலைத் துணி எடுத்தால்? மேலே கீழே ஒரே அலை.

தீரி அக்கா: அலை உடையும்

சுபா: எப்படி?

தீரி அக்கா: நேராக ஓடுகிற அலை. வட்டமாக வெட்டினால் முன்னால் நேராக இருக்கும், பக்கத்தில் சாய்ந்துவிடும். பார்க்க நன்றாக இருக்காது.

மீனாக்கா: ஆமாம். அச்செய் வேண்டும் என்றால் பெப்ளத்தை வட்டமாக வெட்டாமல் நேர்த் துண்டாக எடுத்து மடிப்பு வைக்கணும். மடிப்பும் பெட்டி மடிப்பு, அகலமாக, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு. சின்னச் சுருக்கம் வைத்தால் இடுப்பு பருத்துவிடும். இல்லையென்றால் தமெயின் அச்செய், சட்டை அந்த நிறத்திலேயே மொட்டைத் துணி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மேலே ஒரே நிறமாக இருந்தால் தையல் வடிவம் தெரியும், அலையோடு போட்டி போடாது. அதோடு தறியில் நூறு நாடா ஓட்டி நெய்த அமரபுராப் பட்டில் கத்திரி வைக்க எனக்கு மனசு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ராணி அத்தை: யார் நூறு நாடா வாங்கித் தரப் போகிறார்கள்? பிரிண்ட் போதும்.

வியாசர்பாடி பெரியம்மா: பிரிண்டா? மாப்பிள்ளை வீட்டார் முன்னாலா?

அம்மா: அக்கா, இங்கே விலை உங்களுக்குத் தெரியாது

வியாசர்பாடி பெரியம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாகச் செய்யுங்கள்.

புதன்

ராணி அத்தை: நிறம். பச்சையா, நீலமா?

கவிதாக்கா: பச்சை

அம்மா: நீலம். பச்சை எனக்குக் கறுப்பாகக் காட்டும்.

நான்: மயில் கழுத்து நிறம். இரண்டும் வரும்.

சுபா: நான் என்ன நிறம் என்று யாருமே கேட்கவில்லை

ராணி அத்தை: உனக்குப் புடவை. தாய்மாமன் வாங்குவார்.

மோகன் சித்தப்பா: நானா?

அம்மா: நீங்களேதான். போன வருடம் வாக்குக் கொடுத்தீர்கள்.

மோகன் சித்தப்பா: சரி. பிரியாணி இல்லாமல் போனால் வாக்கும் இல்லை.

மீனாக்கா: எல்லாரும் இன்று இரவுக்குள் அளவு அனுப்புங்கள். மார்பு, ஒடுங்கும் இடம், இடுப்பின் அகலமான இடம், தோளிலிருந்து ஒடுங்கும் இடம் வரை. இந்தக் கடைசி அளவைத்தான் யாரும் எடுக்க மாட்டீர்கள், பெப்ளத்துக்கு அதுதான் உயிர். குழுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். வட்டத் துண்டை வெட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்ட பிறகுதான் விளிம்பு மடிப்பேன், இழைக்குச் சாய்வாக வெட்டின இடம் கொஞ்சம் இறங்கும். அவசரப்படுத்தினால் பக்கத்தில் வால் தொங்கும், என்னைக் கேட்கக் கூடாது.

கவிதாக்கா: ஏழு சட்டை, ஒரு வாரம், கரண்டும் இல்லை. மீனா, முடியுமா உன்னால்?

மீனாக்கா: கால் மிஷின் இருக்கிறது. வெட்டுவது எல்லாம் நான். தைக்க ஓர் ஆள் இருந்தால் நல்லது.

அம்மா: அண்ணி?

ராணி அத்தை: தீரி, அந்த மிங்கலா மார்க்கெட் பெண் ஒரு சட்டைக்கு எவ்வளவு கேட்பாள்?

தீரி அக்கா: கேட்டுச் சொல்கிறேன் அத்தை. எனக்காகக் குறைப்பார்.

ராணி அத்தை: மூன்று கொடுத்துப் பார்க்கலாம். முதலில் என்னுடையதைக் கொடுக்க வேண்டாம்.

ரமேஷ் அத்தான்: 😄

மீனாக்கா: அப்படியென்றால் துணி சனிக்கிழமையே வேண்டும். தெயிங்ஜி ஜே மார்க்கெட்டில் பார்க்கலாம். காளி கோயில் வாசலில் பத்து மணி. யார் யார் வருகிறீர்கள்?

அம்மா: நான்

நான்: எனக்கு வகுப்பு. பார்க்கிறேன்.

தீரி அக்கா: வருகிறேன்

கவிதாக்கா: பத்து மணி வெயிலில் நிற்க மாட்டேன். நிறத்தை மட்டும் வாங்குவதற்கு முன் காட்டுங்கள்.

ராணி அத்தை: மார்பு 42 ஒடுங்கும் இடம் 38 அகலம் 44 தோளிலிருந்து

ராணி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: அத்தை, பார்த்துவிட்டோம்

ராணி அத்தை: அது உன் அம்மாவுடைய அளவு

அம்மா: அண்ணி!!

மோகன் சித்தப்பா: சாம்பார் சாதம் என்றால் நான் தட்டோன்காரர்களோடு சேர்ந்துகொள்கிறேன்

மீனாக்கா: பச்சையா நீலமா என்று யாராவது முடிவு சொல்லுங்கள், நூல் வாங்கணும்