தேர்ட்டி-தேர்ட்டி வேட்டைத் துப்பாக்கிக்குக் குறைந்த செலவில் முதல் குண்டு அச்சு வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை, விஸ்கான்சின்

என்னுடையது தேர்ட்டி-தேர்ட்டி தோட்டா போடும் லீவர் ரைஃபிள், பழைய மார்லின் 336, உட்சுவரில் மெல்லிய பள்ளங்கள் வெட்டிய மைக்ரோ-குரூவ் குழல். கடைத் தோட்டா விலை ஏறிக்கொண்டே போனதால் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டை நாமே வார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு.

நான் சொல்ல வந்தது ஒரு பெரியவரைப் பற்றி. பண்ணை வீட்டில் தன் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேசையில் லைமன் கம்பெனியின் 311041 அச்சு (0.311 அங்குலக் குண்டு வார்ப்பது), இரும்பு, இரட்டைக் குழி, கைப்பிடியோடு. புதிது வாங்கும் விலையில் பாதிகூட இல்லை. பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "உன் குழலின் அளவு என்ன?" என்று கேட்டார். துப்பாக்கி வண்டியில் இருக்கிறது என்றேன். "எடுத்து வா, பார்த்துவிடலாம்" என்றார்.

தூண்டிலில் கட்டுகிற மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, குழல் வாயில் வைத்து மரச்சுத்தியால் தட்டி உள்ளே இறக்கினார். அப்புறம் ஒரு பித்தளைக் கம்பியை என் கையில் கொடுத்து "நீயே தள்ளு" என்றார். முதலில் இறுக்கம், பிறகு ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போகிறது, தோட்டா உட்காரும் மருந்தறைக்கு நாலு விரற்கடை முன்னால் சட்டென்று ஒரு தளர்வு. அந்தத் தளர்வு கம்பி வழியாக உள்ளங்கைக்கு வந்ததை இன்றும் உணர முடிகிறது. வெளியே வந்த ஈயத்தில் பன்னிரண்டு மெல்லிய கோடுகள். மைக்ரோமீட்டரில் வைத்தார், 0.3095 அங்குலம். "அப்படியானால் இந்த 311 உனக்குத்தான்" என்று சொன்ன பிறகுதான் பணத்தைத் தொட்டார்.

குழலின் உட்பள்ளத்தின் அளவைவிட குண்டு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். சின்னதாக இருந்தால் பின்னால் வரும் சூடான வாயு ஓரமாகக் கசிந்து ஈயத்தை அரித்துக் குழல் முழுக்கப் பூசிவிடும். பெரிதாக விழும் குண்டை சைசிங் டை என்ற அளவுத் துளையில் தள்ளிக் குறைத்துக்கொள்ளலாம், சிறிதாக விழுவதைப் பெரிதாக்குவது பெரும்பாடு. கையில் காசு குறைவாக இருப்பவர் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. அளக்காமலே காசை வாங்கிப் போட்டிருந்தால் அந்த மனிதருக்கு என்ன நஷ்டம்? யாரோ ஒரு அந்நியனின் துப்பாக்கிக்காக அரை நாளைக் கொடுத்தாரே.

அட்லாண்டா மாப்பிள்ளை

பெரியவர் கதை அருமை. ஆனால் எல்லோருக்கும் அப்படி ஒரு பண்ணை வீடு வாய்க்காது. முதல் அச்சு என்றால் லீ கம்பெனியின் அலுமினிய அச்சுதான், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கைப்பிடியும் சேர்ந்தே வருகிறது. லைமன், ஆர்சிபிஎஸ் கம்பெனிகள் என்று போனால் அச்சுக் கட்டைகளுக்கே இரண்டு மூன்று மடங்கு விலை, கைப்பிடிக்குத் தனிக்காசு. என்னுடையது லீ சி309-170-எஃப். தட்டை மூக்கு, அடியில் கேஸ் செக் (குண்டின் அடியைக் காக்கும் சின்னச் செப்புத் தொப்பி) மாட்டும் படி உண்டு. எடை 170 கிரெய்ன், 11 கிராம் போல.

என் அனுபவம் மாமனாரோடு. கும்பகோணத்தில் தங்க வேலை செய்தவர், குளிர்காலத்தில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். கராஜில் நான் வார்த்துக்கொண்டிருக்கிறேன், விழுகிற குண்டெல்லாம் உலர்ந்த திராட்சை மாதிரி சுருக்கம் சுருக்கமாக. பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, வாழ்நாளில் தொட்டதில்லை. "உலோகத்துல குத்தமில்ல மாப்பிள்ளை, அச்சு குளுந்து கெடக்கு" என்றார். கையுறை போட்டுக்கொண்டு கைப்பிடியை வாங்கி, அச்சின் ஒரு மூலையை மட்டும் உருகிய ஈயத்தில் நனைத்தார். ஈயம் அந்த மூலையில் ஒட்டிக்கொண்டது. எடுக்கவில்லை, காத்திருந்தார். சிறிது நேரத்தில் ஒட்டியது தானாகக் கழன்று வழிந்தது. "இப்ப ஊத்துங்க."

ஊற்றினேன். ஊற்றும் துளையுள்ள மேல் தகட்டில் நின்ற ஈயம் பளபளப்பு போய் மங்குகிற நொடி வரை பொறுத்து, தகட்டைத் தட்டித் திருப்பி அச்சைத் திறந்தால், மடித்துப் போட்ட பருத்தித் துண்டில் இரண்டு குண்டும் கண்ணாடி மாதிரி விழுந்தன. கோடு கோடாக எல்லா விளிம்பும் கூர்மை. அவர் ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஊருக்குத் திரும்பியபோது அந்த ஒரு குண்டை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். விமானத்தில் வேண்டாம் மாமா என்று தடுத்துவிட்டேன். ஒரு துண்டு ஈயத்தைக்கூட அவர் கையில் கொடுத்தனுப்ப முடியவில்லை என்ற வருத்தம் அப்படியே நிற்கிறது.

அலுமினியம் சீக்கிரம் சூடாகும், துருப் பிடிக்காது. ஆனால் மென்மை. கட்டையைத் தட்டாதீர்கள், கைப்பிடிக் கீலைத்தான் மரக்கட்டையால் தட்ட வேண்டும்.

மெஸ்கீட், டெக்சாஸ்

அச்சு, அச்சு என்கிறீர்கள். உள்ளே ஊற்றுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நண்பர் ஒருவர் கொடுத்த குண்டு, உருண்டை மூக்கு, முழுக்க லைனோடைப். அச்சுக்கூடத்து எழுத்து வார்க்கிற உலோகம், ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 சதவீதம். கல் மாதிரி இருக்கும். அழகாகவும் விழும். காட்டுப்பன்றி, கிட்டத்தில்தான், தோளுக்குப் பின்னால் சரியான இடம். சுட்டேன். அது ஓடவில்லை. நின்று திரும்பி என்னைப் பார்த்தது. ஒன்றுமே நடக்காதது போல ஒரு பார்வை. அப்புறம் மெதுவாக நடந்து புதருக்குள் போய்விட்டது.

இருட்டில் டார்ச்சோடு தேடிக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகிவிட்டது. அதுவரை அது உயிரோடு இருந்தது. உள்ளே போன ஓட்டையும் வெளியே வந்த ஓட்டையும் ஒரே அளவு, பென்சில் கனம். குண்டு விரியவே இல்லை. ஒரு உயிரை எடுப்பதென்றால் சட்டென்று எடுக்க வேண்டும், அதற்குக் குண்டு கொஞ்சம் மெத்தென்று இருக்க வேண்டும், மூக்கு தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். கார்ச் சக்கரத்தைச் சமன்படுத்த மாட்டும் எடைத் துண்டு, பழைய கிளிப் வகை வீல் வெயிட்டே வேட்டைக்குப் போதும், 95 சதவீதத்துக்கு மேல் ஈயம், 4 சதவீதம் போல ஆன்டிமனி. அதில் வெள்ளீயம் சிறிது சேர்த்தால் அச்சில் நன்றாக நிரம்பும்.

தட்டை மூக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு, லீவர் துப்பாக்கிக்காரர்கள் மறந்துவிடக் கூடாது. குழாய் மேகசினில் ஒன்றன் பின் ஒன்றாகத் தோட்டாக்கள் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் கூர் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரில் (அடிபட்டால் பற்றும் பொறி மருந்து) முட்டி நிற்கும், சுடும் உதைப்பில் அது வெடிக்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று கூர் மூக்கு அச்சை இந்தத் துப்பாக்கிக்கு வாங்கவே வேண்டாம்.

பாண்டி, பென்சில்வேனியா

கேஸ் செக், சைசிங் டை, லைனோடைப், மைக்ரோமீட்டர். பட்ஜெட் என்று சொல்லிவிட்டு எவ்வளவு செலவு! எங்கள் மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஃபிளின்ட்லாக் மான் வேட்டை சீசன் தொடங்குகிறது, கல்லில் நெருப்புப் பொறி எழுப்பும் துப்பாக்கி மட்டும்தான். ஐம்பது காலிபருக்கு (அரை அங்குலக் குழல்) 0.490 அங்குல உருண்டைக் குண்டு அச்சு ஒன்று, சுத்தமான காரீயம், சுற்றிவைக்க எண்ணெய்த் துணி. வேறொன்றும் வேண்டாம். ஒரு உருண்டை ஏறக்குறைய 177 கிரெய்ன். துணிதான் குழலைப் பிடிக்கிறது, ஈயம் குழலைத் தொடவே தொடாது, அளவுக் கவலையும் பாதி போய்விட்டது.

பனியில் ஒரு பெட்டை மான் அசையாமல் நின்றது. விசையை இழுத்தேன், கிண்ணத்து மருந்து பற்றியது, அப்புறம் ஒரு கணம் ஒன்றுமில்லை, அப்புறம் வெடி. வெள்ளைப் புகை முன்னால் சுவராக நின்றுவிட்டது, காற்றே இல்லை. மான் விழுந்ததா, ஓடியதா, தெரியாது. புகை கலையும்வரை நின்ற நேரத்தை எந்த ரைஃபிளும் எனக்குத் தந்ததில்லை.

ஏரிக்கரை, விஸ்கான்சின்

பாண்டி அண்ணா, உங்கள் முறை நல்ல முறைதான், ஆனால் கேட்டது தேர்ட்டி-தேர்ட்டிக்கு. நொடிக்கு 1,900 அடி வேகத்தில் போக வேண்டிய குண்டைச் சுத்தக் காரீயத்தில் வார்த்தால் குழல் முழுக்க ஈயம் பூசிக்கொள்ளும். அந்த வேகத்துக்குக் கலப்பும் செப்புத் தொப்பியும் வேண்டும். உருண்டைக் குண்டு எங்களுக்குப் பதிலாகாது.

சிவம், ஸ்காபரோ

ஏரிக்கரை, மெஸ்கீட் இருவரும் எழுதியதை வாசித்தேன். ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை.

என் சிநேகிதர் வீட்டுக் கராஜ், மார்கழிக் குளிர். முன்பே உருக்கி வைத்த ஈயப் பாளங்கள் வெளியில் பனிக்குள் கிடந்தவை. ஒன்றை எடுத்துத் துடைத்துவிட்டு உருகிக் கொதிக்கிற பானைக்குள் விட்டார். அடியில் ஒரு வெடிப்புக்குள் துளி ஐஸ் இருந்திருக்க வேண்டும். சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை, "புப்" என்று ஒன்று. பார்த்தால் பானை வெறுமை. ஈயம் முழுக்கக் கூரையில், சுவரில், அவருடைய ஜாக்கெட்டில். என் பாதுகாப்புக் கண்ணாடியில், சரியாக வலது கண்ணுக்கு நேரே, வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டு உறைந்து ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தேன். அந்தக் கண்ணாடி மேசை லாச்சிக்குள் இப்பவும் இருக்கிறது.

தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். ஈயத்துக்கு அடியில் ஒரு துளி போனால் போதும். ஆகவே புதுப் பாளத்தை எப்போதும் பானையின் விளிம்பில் வைத்து நன்றாகச் சூடாக்கிக் காய வைத்து, அதன் பிறகே உள்ளே விடுங்கள். வார்க்கிற மேசைக்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீர், பியர், கோப்பி ஒன்றும் வேண்டாம். வியர்வைத் துளிகூட விழக்கூடாது. பருத்தி உடுப்புப் போடுங்கள், நைலோன் உடம்போடு உருகி ஒட்டும். பாதம் மூடிய தோல் சப்பாத்து, காற்சட்டை அதற்கு மேலால்.

அடுத்தது வீல் வெயிட். ரயர்க்கடையில் ஒரு வாளி கேட்டால் இப்போது முக்கால்வாசி சிங்கும் (துத்தநாகம்) இரும்பும்தான் வரும். கலிபோர்னியா 2010இல் ஈய வீல் வெயிட்டை நிறுத்தியது, வேறு மாநிலங்களும் பின்னால் போயின. இரும்பில் எஃப்ஈ என்றும் சிங்கில் இசட்என் என்றும் பெரும்பாலும் அடித்திருப்பார்கள். எழுத்துத் தெரியாவிட்டால் குறட்டால் நெரித்துப் பாருங்கள், ஈயம் வெண்ணெய்க்கட்டி போல வெட்டுப்படும், சிங்கு மசியாது. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், சிங்குக்கு 419 வேண்டும். சூட்டை அடக்கி வைத்திருந்தால் சிங்கு மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். சூடு கூடிக் கலந்துவிட்டால் உருகியது கூழ் மாதிரித் தடித்துவிடும், எந்த அச்சையும் நிரப்பாது.

பிறகு பிள்ளைகள். அட்லாண்டா மாப்பிள்ளை, கராஜில் செய்கிறீர்கள், வீட்டில் சின்னவர்கள் இருக்கிறார்களோ தெரியாது. உருகிய ஈயத்தின் ஆவியைவிட மேலே வழித்தெடுக்கிற கசட்டுத் தூள்தான் மோசம். கையில், சப்பாத்தில், தரைவிரிப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். 2021இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி குழந்தைகளின் இரத்தத்தில் உள்ள ஈயத்துக்கு வைத்த ஒப்பீட்டு அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாக இறக்கியது. அவ்வளவு சின்ன அளவு. உடுப்பைத் தனியாகத் தோயுங்கள், கை முகம் கழுவாமல் பிள்ளையைத் தூக்க வேண்டாம், வருடம் ஒருமுறை நீங்களும் இரத்தம் சோதியுங்கள். கசட்டை மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள், கூட்டி அள்ள வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

அச்சு எதை வாங்கினாலும் கண்ணாடியை முதலில் வாங்குங்கோ.

அட்லாண்டா மாப்பிள்ளை

சிவம் அண்ணா, பிள்ளைகள் கராஜுக்குள் வருவதில்லை, கதவுக்குப் பூட்டு உண்டு. ஆனாலும் சப்பாத்து விஷயம் நான் யோசிக்காத கோணம். இன்றே வாசலில் தனி ஜோடி வைக்கிறேன்.

சாக்ரமென்டோ தமிழன்

நீங்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள். இங்கே கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை, எந்தப் பறவையை வேட்டையாடினாலும் ஈயக்குண்டு கூடாது. சட்டம் வந்ததற்கு முக்கியக் காரணம் கான்டர் கழுகு. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலில் இருக்கும் ஈயத் துணுக்கைத் தின்று செத்துக்கொண்டிருந்தது. ஒரு கான்டரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், பின்னக்கிள்ஸ் தேசியப் பூங்காவின் பாறைமேல், சிறகில் எண் பட்டையோடு. தலைக்கு மேலே தாழ்வாகப் போனபோது காற்று சிறகில் உரசும் சத்தம் கேட்டது. அதன் பிறகு சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் அச்சு இப்போது இலக்குப் பலகைக்கு மட்டும்.

மெஸ்கீட், மெத்தென்ற குண்டு என்றால் துணுக்குகளையும் யோசியுங்கள். வேகமாகப் போகும் செப்புறை போட்ட குண்டைவிட வார்த்த குண்டு குறைவாகத்தான் உதிரும், அது உண்மை. ஆனாலும் காயத்தைச் சுற்றிக் கறியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள்.

மெஸ்கீட், டெக்சாஸ்

வெட்டி எறிவேன். ஆனால் அந்தப் பன்றி பார்த்த பார்வைக்கு முன்னால் எனக்குக் கறி பெரிய விஷயமாகப் படவில்லை. சுட்டவுடன் சாக வேண்டும், எனக்கு அதுதான் முதல் கணக்கு.

ஓக் நிழல், மிசௌரி

புதிது. ஏரிக்கரை சாருக்கு ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது வின்செஸ்டர் 94, குழல் அளந்தேன், சரியாக 0.308. பயன்படுத்திய 311041 ஒன்று மலிவாக வருகிறது, உள்ளே லேசாகத் துரு. வாங்கலாமா, அல்லது புது லீ?

ஏரிக்கரை, விஸ்கான்சின்

துரு குழிக்குள்ளே இருந்தால் வேண்டாம், குண்டு அச்சில் ஒட்டும். வெளிப்பக்கம் மட்டும் என்றால் வாங்கலாம், எண்ணெயும் நைலான் பிரஷும் போதும், இரும்பு பிரஷ் கூடாது. கட்டைகள் இரண்டையும் மூடி விளக்குக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், இடையில் வெளிச்சக் கோடு தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் 0.308க்கு லீ 309 பெரும்பாலும் அப்படியே உட்காரும். 311 என்றால் ஒரு 309 சைசிங் டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கேஸ் செக் செலவு இரண்டுக்கும் பொது, அது ஆயுள் முழுக்க வரும். கூட்டிப்பார்த்தால் லீதான் மலிவு. சொந்த உபயோகத்துக்கு வார்க்க ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை, விற்க ஆரம்பித்தால் தேவை, அதையும் மனதில் வையுங்கள்.