ஆன்மா ஒன்றே என்றால், பிறவிக்குணத்தைச் சுமந்து வருவது யார்?

கரித்துண்டு எழுதியது:

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். அத்வைத நூல்களைச் சில காலமாகத்தான் படித்து வருகிறேன். என் கேள்வி வகுப்பறையிலிருந்து பிறந்தது.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். தகப்பனார் செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அந்த வீட்டில் யாரும் பென்சில் பிடித்தவர்கள் இல்லை. ஒரு நாள் வண்டி மாட்டைப் பின்பக்கத்திலிருந்து வரைந்து கொண்டுவந்தான். அந்தக் கோணத்தில் மாட்டின் உடல் குறுகி, திமில் முதுகெலும்புக்குப் பின்னே பாதி மறைந்து தெரியும். ஓவியக் கல்லூரி மாணவர்களே அங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். இவனோ அழிக்காமல், ஒரே இழுப்பில் முடித்திருந்தான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "மாடு அப்படித்தானே டீச்சர் நிக்குது" என்றான்.

அதே பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. ஆசிரியர் அறையில் ஒருவர், "போன ஜென்மத்து வாசனை. கைக்கு வந்துவிட்டது, தலைக்கு வரவில்லை. அவன் வினை அது, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். வாசனை என்று அவர் சொன்னது, முற்பிறவி அனுபவம் மனத்தில் விட்டுச் சென்ற பதிவை. அன்றிலிருந்து எனக்கு மனம் அமைதியாக இல்லை.

ஆன்மா ஒன்று, அது பிறப்பதில்லை, எதையும் செய்வதும் இல்லை என்கிறது அத்வைதம். அப்படியானால் ஒரு பிறவியிலிருந்து இன்னொன்றுக்குத் திறமையையும் குறையையும் தூக்கி வருவது எது? எல்லாம் கொண்டுவந்தது என்றால் என்னைப் போன்ற ஆசிரியருக்கு வேலை என்ன? "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டை வகுப்பில் முதல் நாளே எழுதிப் போடுகிறவள் நான். அந்தப் பாட்டே, "நட்பும் தகையும் கொடையும் பிறவிக் குணம்" என்று முடிகிறது. எது பழக்கம், எது பிறவி என்று எப்படிப் பிரிப்பது?

பொருநைக்கரையான் எழுதியது:

அம்மா, வணக்கம். ஓவியத்தை வைத்து நீங்கள் கேட்டதால் நேராக ஓரிடத்துக்குப் போகிறேன். பிருகதாரண்யக உபநிடதம் நான்காம் அத்தியாயம், நான்காம் பிராமணம் (அத்தியாயத்தின் உட்பிரிவு), இரண்டாம் மந்திரம். உடலை விட்டுப் போகிறவனைக் கல்வியும், வினையும், முன்னனுபவமும் பின்தொடர்கின்றன என்கிறது அது. இந்த மூன்றாவதுக்கு, அத்வைத ஆசிரியர் சங்கரர் தம் உரையில் தரும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? சித்திரம் வரைவதுதான். இப்பிறவியில் பழகாமலே சிலருக்குச் சித்திர வேலை போன்றவற்றில் பிறப்பிலேயே தேர்ச்சி இருக்கிறது, வேறு சிலருக்கு மிக எளிய செயல்கள்கூட வருவதில்லை, இரண்டையும் உலகில் காண்கிறோம் என்று எழுதுகிறார். முன்னனுபவத்தின் வாசனை சில இடங்களில் விழித்தெழுகிறது, சில இடங்களில் எழுவதில்லை என்பதே அவர் காட்டும் காரணம். உங்கள் மாணவனை ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்த உரையில் நான் அப்படியே பார்க்கிறேன்.

ஆனால் உங்கள் சக ஆசிரியர் சொன்ன "நாம் என்ன செய்ய முடியும்?" அந்த உரையில் எங்கும் இல்லை. சங்கரர் அங்கே போய்ச் சேரும் முடிவு நேர் எதிரானது: ஆகவே கல்வி, செயல், அனுபவம் மூன்றிலும் இப்போதே நல்லதைப் பயில வேண்டும்.

இனி, போவது எது? ஆன்மா எங்கும் போவதில்லை. எங்கும் நிறைந்ததற்குப் போக இடம் ஏது? போவது சூட்சும சரீரம், அதாவது நுண்ணுடல்: மனம், புத்தி, பிராணன், புலன்களின் ஆற்றல், அவற்றில் படிந்த வாசனைகள். அதில் பிரதிபலிக்கும் அறிவு, "நான் போகிறேன், நான் பிறந்தேன்" என்று எண்ணிக்கொள்கிறது. அந்த எண்ணத்துக்குத்தான் ஜீவன் என்று பெயர். வேதாந்தத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றான பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையில் (1.1.5) சங்கரர் இதன் மறுபக்கத்தையும் கூசாமல் சொல்கிறார்: உண்மையில் ஈசுவரனுக்கு வேறாகப் பிறவிச் சுழலில் உழல்பவன் ஒருவன் இல்லை. இந்த வரியைப் படித்துவிட்டு மற்ற மனிதரைப் பார்க்கும் பார்வை மாறாவிட்டால் படித்ததில் பொருளில்லை.

அப்படியும் உங்கள் ஐயம் தீராது. எல்லாம் ஒன்றில் ஒடுங்கினால் தனித்தனி வாசனை எப்படிக் கலக்காமல் திரும்பி வரும்? இதை விவாதிக்க இறந்து பார்க்க வேண்டியதில்லை, தினமும் தூங்குகிறோம். ஆழ்ந்த உறக்கத்தில் ஜீவன் பிரம்மத்தோடு, அதாவது அந்த ஒரே மெய்ப்பொருளோடு, ஒன்றுகிறது என்கிறது சாந்தோக்கிய உபநிடதம். பிரம்ம சூத்திரம் 3.2.9-இல் எதிர்வாதி மடக்குகிறார்: பெரிய நீர்நிலையில் ஒரு துளியை விட்டபின் அதே துளியை மறுபடி எடுக்க முடியுமா? தூங்கியவனே எழுகிறான் என்பதற்கு என்ன உறுதி? சங்கரரின் பதில்: துளியை வேறுபடுத்திக் காட்ட அங்கே எதுவும் இல்லை, இங்கே வினையும் அறியாமையும் இருக்கின்றன. நேற்றுப் பாதியில் விட்ட வேலையை இன்று அவனேதான் தொடர்கிறான், நேற்றைய நினைவும் அவனுக்கே இருக்கிறது. உங்கள் மாணவன் முந்தைய நாள் பாதி வரைந்த மாட்டைக் காலையில் எழுந்து முடிக்கிறான் அல்லவா? உறக்கத்தில் நடப்பதையே சாவுக்கும் நீட்டிப் பார்க்கிறது வேதாந்தம்.

ஆசிரியருக்கு வேலை என்ன என்பதற்குக் கீதை மூன்றாம் அத்தியாயத்தின் 33, 34-ஆம் சுலோகங்களைச் சேர்த்தே படியுங்கள். முதல் சுலோகம் கேட்கவே பயமாக இருக்கும்: அறிவுள்ளவனும் தன் இயல்புக்கு ஏற்பவே நடக்கிறான், அடக்கி என்ன பயன்? பலர் இங்கேயே நூலை மூடிவிடுகிறார்கள். எல்லாரும் இயல்பின்படியே நடந்தால் முயற்சிக்கு இடமில்லை, சாத்திரமும் வீண் என்ற ஆட்சேபத்தைச் சங்கரரே எழுப்புகிறார். அடுத்த சுலோகம் விடை. இயல்பு நம்மை நேரடியாகத் தள்ளுவதில்லை, விருப்பு வெறுப்பு வழியாகவே தள்ளுகிறது. அந்த இடத்தில் மனிதன் தலையிட முடியும். படிப்பு வராத பையனிடம் இப்போது கெட்டிப்பட்டிருப்பது எழுத்தின் மீதான வெறுப்பாக இருக்கலாம். அதன் மீது ஓர் ஆசிரியை கைவைக்கலாம். அது அவன் வினைக்குள் நுழைவது ஆகாது.

ஔவையார் பாட்டையும் அத்வைதத்தையும் மோதவிட வேண்டாம். இன்றைய பிறவிக்குணம் என்றோ பழகியது. இன்று பழகுவது நாளைய பிறவிக்குணம். "ஒருமைக்கண் தான்கற்ற கல்வி ஒருவற்கு எழுமையும் ஏமாப் புடைத்து" என்று வள்ளுவரும் சொல்கிறார்.

அருணைவாசி எழுதியது:

திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். ஐயா நூல்களைக் காட்டினார், நான் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

1922 மே 19 அன்று ரமணரின் தாயார் அழகம்மாள் காலமானார். அன்று நாள் முழுவதும் பகவான் (ரமணரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அம்மாவின் அருகிலேயே அமர்ந்திருந்தார், ஒரு கை மார்பில், ஒரு கை தலையில். அடிமனத்தில் கிடந்த வாசனைகள், இனி வரக்கூடிய பிறவிகளுக்கு வித்தாக இருந்தவை, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகளாக எழுந்து அங்கேயே அனுபவிக்கப்பட்டுத் தீர்ந்தன என்று பின்னர் அவரே விளக்கினார். முக்தி அடைந்தவர் என்பதால் தாயாரின் உடலை எரிக்கவில்லை. மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். இன்றைய மாத்ருபூதேசுவரர் சன்னதி அதன்மேல்தான் இருக்கிறது.

அதற்கு முன்பு, தொண்டர் பழனிசாமியின் இறுதி நேரத்திலும் பகவான் இப்படிக் கை வைத்திருந்தார். முடிந்துவிட்டது என்று எண்ணிக் கையை எடுத்ததும் பழனிசாமியின் கண்கள் திறந்தன, உயிர் அவ்வழியே போனது. அடுத்த பிறவி உண்டு என்பதற்கு அது அடையாளம் என்றார்கள். ஆசிரமத்துப் பசு லட்சுமியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பகவானுக்குக் கீரை சமைத்துக் கொடுத்த கீரைப்பாட்டிதான் பசுவாக வந்தாள் என்று அடியார்கள் நம்பினார்கள். 1948 ஜூன் 18 அன்று லட்சுமி இறந்தபோது, அவள் முக்தி அடைந்தாள் என்று பகவான் வெண்பாவே எழுதினார்.

ஆனாலும் மறுபிறவி பற்றிக் கேட்டவர்களிடம், இப்போது பிறந்திருப்பது யார் என்று முதலில் பார் என்றுதான் சொல்லி வந்தார். உங்கள் மாணவன் விஷயத்தில் 'நான் யார்?' நூலில் ஓரிடம் நினைவுக்கு வருகிறது. நல்ல மனம், கெட்ட மனம் என்று இரண்டு மனங்கள் இல்லை, மனம் ஒன்றே, வாசனைகள்தான் சுபம், அசுபம் என இருவகை என்கிறார். அதற்குப் பின்னாலேயே, பிறர் எவ்வளவு கெட்டவர்களாகத் தோன்றினாலும் அவர்களை வெறுக்கலாகாது என்று வருகிறது. "தலைக்கு வரவில்லை" என்று சொன்ன ஆசிரியருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வைகைப்பெண் எழுதியது:

மூவர் எழுதியதையும் மதிப்போடு படித்தேன். ஆனால் இந்தத் தத்துவத்தை எங்கள் குடும்பம் வேறு முனையிலிருந்து அறிந்திருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத எங்கள் மக்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் செல்லும்வரை என் கொள்ளுப்பாட்டனார் கோபுரத்தைத் தெருவிலிருந்து மட்டுமே கும்பிட்டவர். ஏன் என்று கேட்டால் கிடைத்த பதில் முன்வினை.

இது மக்களின் தவறான புரிதல் என்று சொல்லிவிடாதீர்கள். சாந்தோக்கியம் 5.10.7 என்ன சொல்கிறது? நல்நடத்தை உள்ளவர் உயர்ந்த வருணங்களில் பிறப்பர், இழிநடத்தை உள்ளவர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பர். நாயையும் பன்றியையும் அடுத்து மனிதரை வைத்த வரி அது. சூளைத் தொழிலாளியின் மகனைப் பார்த்து "அவன் வினை" என்ற ஆசிரியர், நீங்கள் கொண்டாடும் நூலின் சொல்லைத்தான் சொல்கிறார்.

இன்னொன்று. ஒருவரின் இயல்பில் பெற்றோர் வழி வருவதும் சூழல் தருவதும் கலந்திருக்கின்றன என்று அறிவியல் சொல்கிறது. அதற்கு மேல் முற்பிறவி எதற்கு?

பொருநைக்கரையான் எழுதியது:

சகோதரி, நீங்கள் காட்டிய வரி இருக்கிறது. நான் அதை மறைக்க மாட்டேன், வேறு பொருள் கற்பிக்கவும் மாட்டேன். ஞானி சண்டாளரானாலும் அவரே என் குரு என்று சொல்லும், சங்கரர் பெயரில் வழங்கும் மனீஷா பஞ்சகத்தைக் காட்டித் தப்பிக்கவும் விருப்பமில்லை. உங்கள் கொள்ளுப்பாட்டனாருக்குச் செய்யப்பட்டது அநீதி. அதற்கு நியாயம் சொல்ல முன்வினைக் கொள்கையைப் பயன்படுத்தியது இன்னோர் அநீதி.

ஆனால் இதே கொள்கை அந்தச் சுவரை உள்ளிருந்தே உடைக்கும் ஓரிடத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரம்ம சூத்திரம் 1.3.34 முதல் 38 வரை, நான்காம் வருணத்தாருக்கு வேதம் பயிலும் உரிமை இல்லை என்று சங்கரர் நிறுவுகிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு வேதனை தரும் பகுதி. அதன் முடிவில் அவரே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: முற்பிறவிச் சம்ஸ்காரத்தின் (மனத்தில் படிந்த பதிவின்) வலிமையால் விதுரர், தர்மவியாதர் போன்றோருக்கு ஞானம் உண்டானது, அவர்களுக்கு அதன் பயன் கிடைப்பதைத் தடுக்க முடியாது. தர்மவியாதர் மிதிலையில் இறைச்சி விற்றவர். மகாபாரதத்தில் கௌசிகன் என்ற அந்தணன் அவரிடம் போய்த்தான் தர்மம் கேட்டான். ஆக, பிறந்த இடத்தை வைத்து ஒருவர் கொண்டுவந்த சம்ஸ்காரத்தை அளக்க முடியாது என்பது சங்கரர் எழுத்திலேயே இருக்கிறது. நான் 5.10.7-ஐ விட இந்த வாக்கியத்தின் பக்கம் நிற்கிறேன். சூளையில் வேலை செய்பவரின் மகன் எதைக் கொண்டுவந்திருக்கிறான் என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் கண் இல்லை. "எனக்கும் உனக்கும் பல பிறவிகள் கடந்தன, நான் அவற்றை அறிவேன், நீ அறியமாட்டாய்" என்று கிருஷ்ணர் அர்ஜுனனிடமே சொல்கிறார் (கீதை 4.5). அர்ஜுனனுக்கே தன் வினை தெரியாதபோது ஆசிரியர் அறையில் இருந்தவருக்கு மாணவனின் வினை எப்படித் தெரியும்?

பெற்றோர் வழி வருவதை வேதாந்தம் மறுக்கவில்லை. உடல் பெற்றோர் தருவது என்று அதுவும் சொல்கிறது. மறுபிறவிக்கு அது முதன்மைச் சான்றாகக் கொள்வது சுருதியை, அதாவது வேதத்தை. பிறவித் திறமை போன்றவை அதற்குத் துணையாக வரும் வாதங்கள். சுருதியைச் சான்றாக ஏற்காதவரை இந்த வாதங்களால் மட்டும் ஒப்பவைக்க முடியாது, நான் முயலவும் இல்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: ஏற்கிறவர்கள் இந்தக் கொள்கையைத் தங்கள் மனத்தின்மீது மட்டும் பயன்படுத்த வேண்டும். என் கோபம் எங்கிருந்து வருகிறது, என் பேராசை எத்தனை பழையது என்று பார்க்க இது உதவும். அடுத்த வீட்டுப் பிள்ளையை எடைபோட இது தரப்படவில்லை.

கரித்துண்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வைகைப்பெண் அவர்களே, நான் சொல்லத் தயங்கியதை நீங்கள் சொன்னீர்கள். அந்தப் பையனிடம் இப்போது எழுத்துகளை வரையச் சொல்கிறேன். 'ழ'வை மாட்டின் வால் போல இழுக்கிறான். வரைந்த எழுத்தின் ஒலியைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்கிறான்.

ஐயாவிடம் இன்னும் ஒன்று. வாசனை நல்லதானாலும் கட்டுத்தானே? ஓவியத்தின் மீது எனக்கும் அவனுக்கும் உள்ள பிடிப்பை என்ன செய்வது?

பொருநைக்கரையான் எழுதியது:

அத்வைத ஆசிரியர் வித்யாரண்யர் ஜீவன்முக்தி விவேகம் என்ற நூலில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். வாசனைகளைத் தூயவை, மாசுள்ளவை என்று பிரிக்கிறார். மாசுள்ளவற்றில் உலகம், உடல் ஆகியவற்றோடு சாத்திரப் பற்றையும் சேர்க்கிறார், கவனியுங்கள். எடுத்துக்காட்டு பரத்வாஜர். மூன்று ஆயுள் முழுவதும் வேதம் ஓதினார். நான்காவது ஆயுள் தந்தால் என்ன செய்வாய் என்று இந்திரன் கேட்டபோது, அதையும் ஓதுவதிலேயே கழிப்பேன் என்றார். இந்திரன் மூன்று மலைகளைக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளி, நீ கற்றது இவ்வளவு, வேதங்களுக்கு முடிவில்லை என்றான்.

ஆகவே படிப்பிலேயே ஊறிக் கிடக்கும் எனக்குத்தான் அந்த எச்சரிக்கை முதலில். உங்களுக்கும் ஒரு நாள் பொருந்தலாம். பையனுக்கு இப்போது அது வேண்டாம். மைத்ரி (நட்புணர்வு), கருணை போன்ற நல்ல வாசனைகளை முதலில் வளர்க்க வேண்டும், பற்று நீங்குவது அதன் பிறகு என்ற வரிசையை வித்யாரண்யரே வைத்திருக்கிறார். அவன் 'ழ' எழுதிய தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்க ஆசைப்படுகிறேன்.