மரத்தடியில் எடுத்த முடிவு

விட்சர் 3 வீடியோ கேமை விளையாடியவர்கள் எல்லோரிடமும் அதில் வரும் வெலன் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கும். என் கதை இது. இன்னும் விளையாடாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முக்கியமான திருப்பங்கள் எல்லாம் வரும்.

கதையின் நாயகன், பேய்வேட்டைக்காரன் கெரால்ட் தன் வளர்ப்பு மகள் சிரியைத் தேடிக்கொண்டு க்ரோஸ் பெர்ச் கோட்டைக்குப் போகிறான். அந்தக் கோட்டையின் தலைவன் பாரனுக்கு அவளைப் பற்றித் தெரியும். ஆனால் காணாமல் போன தன் மனைவி அன்னாவையும் மகள் தமாராவையும் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் சொல்வான். விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. பாரன் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன். அவள் விரும்பிய ஆளைக் கொன்றவன். அவள் வயிற்றில் இருந்த குழந்தையும் போய்விட்டது. அந்த ஆளை வெறுக்கத் தயாராக இருந்தேன்.

அப்புறம் அந்த இரவு வந்தது. முறையாகப் புதைக்கப்படாத அந்தச் சிசு பேயாக எழுந்து வருகிறது. கொன்றுவிடலாம், அல்லது பெயர் வைத்து வாசற்படியில் புதைக்கலாம். நான் பெயர் வைக்கச் சொன்னேன். பாரன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறான். நடுவழியில் அது முறுக்கிக்கொண்டு எழும்போது ஆக்ஸி மந்திரத்தால் அதை அமைதிப்படுத்த வேண்டும். கொஞ்சம் பிந்தினால் அவனைக் கடித்துக் குதறிவிடும். அவன் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடவில்லை. வாசலில் குழியைத் தோண்டி, டியா என்று பெயர் சொல்லி, மகளாக ஏற்றுக்கொண்டான். அதற்குப் பிறகும் அவன் செய்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் வெறுக்கவும் முடியவில்லை.

அன்னா சதுப்பு நிலத்தில் மூன்று சூனியக்காரக் கிழவிகளிடம் சிக்கி, அவர்களுக்காக அநாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவிகள் ஒரு வேலை கொடுத்தார்கள்: டௌன்வாரன் கிராமத்தை மிரட்டும் ஆவியை ஒழிக்க வேண்டும். அது ஒரு பெரிய மரத்தின் அடியில் கட்டுண்டு கிடந்தது. கிழவிகள் அந்தக் குழந்தைகளைத் தின்னப் போகிறார்கள், என்னை விடுவித்தால் காப்பாற்றுகிறேன் என்றது. அது நல்லதா கெட்டதா என்று எந்த அடையாளமும் இல்லை. குழந்தைகளோடு அப்போதுதான் பேசிவிட்டு வந்திருந்தேன். சடங்குக்கு வேண்டிய குதிரையைப் பிடித்து வந்து, ஆவியை விடுவித்தேன்.

ஆவி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. டௌன்வாரனையும் அழித்தது. குழந்தைகள் போனதற்குக் கிழவிகள் அன்னாவைத் தண்டித்து, நீர்ப்பேயாக மாற்றிவிட்டார்கள். பொம்மைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்துச் சாபத்தை உடைத்தேன். அவள் மனுஷியாகத் திரும்பினாள், கொஞ்ச நேரம்தான், இறந்துபோனாள். பிறகு க்ரோஸ் பெர்ச்சுக்குப் போனபோது பாரன் கோட்டை முற்றத்து மரத்தில் தூக்கில் தொங்கிக்கொண்டிருந்தான். கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மரத்தடியில் நின்றதற்கும் அந்த முற்றத்தில் நின்றதற்கும் நடுவில் பல மணி நேரம். விளையாட்டில் முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பி, முடிவை மாற்ற மனசும் வரவில்லை. 2007இல் வந்த முதல் விட்சரிலேயே இதே வழிதான்: முடிவின் பலன் வெகு நேரம் கழித்துத்தான் தெரியும். இன்றும் நன்மைக்கும் தீமைக்கும் மதிப்பெண் போடும் விளையாட்டுகளை நான் ரசிப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தால் கதையில் இருப்பவர்களை மறந்துவிடுகிறோம்.

சிரி விஷயத்திலும் நான் தவறினேன். அவள் மனம் உடைந்திருந்தபோது பனிப்பந்து எறிந்து விளையாடக் கூப்பிட்டிருக்கலாம். நான் ஆறுதலாகக் குடிக்க உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் தன் ஆசானின் ஆய்வுக்கூடத்தை உடைக்க நினைத்தபோது அமைதிப்படுத்தினேன். அக்கறை என்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால் அவளை நம்பவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் அவள் திரும்பி வரவில்லை. கெரால்ட் மிச்சமிருந்த ஒரு கிழவியைத் தேடி அதே சதுப்பு நிலத்துக்குப் போகிறான், சிரியிடமிருந்து பறிபோன பதக்கத்தை மீட்க. அது கையில் இருக்க, சுற்றிலும் பேய்கள் நெருங்க, அப்படியே உட்கார்ந்துவிடுகிறான்.

சில மாதம் கழித்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை சிரியை அவள் போக்கில் விடத் தீர்மானித்திருந்தேன். மரத்தடி ஆவியைக் கொன்றேன். அன்னா உயிரோடு இருந்தாள், ஆனால் சித்தம் கலங்கிப் போயிருந்தது. பாரன் அவளை நீல மலைகளில் இருக்கும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். பேச்சில் குடியின் சுவடே இல்லை. தமாரா அவனை மன்னிக்கவில்லை, அதுவும் சரிதான்.

அவர்கள் கிளம்பிய பிறகு தனியாகச் சதுப்பு நிலத்துக்குத் திரும்பிப் போனேன். அங்கே எந்த வேலையும் பாக்கி இல்லை. குழந்தைகள் இருந்த குடிசைகளுக்குள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை.