மறு: கேரியிங் கெபாசிட்டி: கொள்ளளவா, தாங்குதிறனா? 'ஊறளவு' என்று ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

> மக்கள்தொகை பெருகப் பெருக எல்லோருக்கும் சோறும் நீரும் வீடும் கிடைக்குமா என்று கல்லூரி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். 'கேரியிங் கெபாசிட்டி'க்குக் 'கொள்ளளவு' என்று போட்டுவிடலாமா?

போட வேண்டாம். கேரியிங் கெபாசிட்டி என்றால், ஓர் இடம் தன் வளங்கள் கெடாமல் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற வரம்பு. சேலத்துக்காரர்களுக்குக் கொள்ளளவு என்றாலே மேட்டூர்தான். 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று சின்னப் பையன்கூடச் சொல்வான். அது பொறியாளர்கள் வரைபடத்தில் குறித்து 1934-ல் கட்டி முடித்த அளவு. பூமிக்கு அப்படி யாரும் முழுமட்டம் குறித்து வைக்கவில்லை. (மேட்டூரிலேயே வண்டல் படிந்து உண்மையான கொள்ளளவு குறைந்துதான் இருக்கிறது. செய்திகளில் பழைய எண்ணே ஓடுகிறது. அது வேறு கதை.)

> 'தாங்குதிறன்' ஏற்கெனவே கட்டுமானத் துறையில் மண்ணின் சுமை தாங்கும் அளவுக்கு வழங்குகிறது. குழப்பம் வரும்.

பொறியாளர் ஐயா சொல்வது சரி. ஆனால் இந்தச் சொல் கைமீறிப் போய்விட்டது. ஊட்டியும் கொடைக்கானலும் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அதிலிருந்து 'மலையின் தாங்கும் திறன்' என்பது செய்தி நடையில் ஊன்றிவிட்டது. மே மாதம் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்து போவதைப் பார்த்தவர்கள், இங்கேயும் அப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று பேசும்போது இதே சொல்தான் வாயில் வருகிறது. வண்டிக் கணக்குக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. கட்டடக்காரரும் சூழலியலாளரும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ளப் போவதில்லை, இருக்கட்டும்.

'தாங்களவு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இலக்கணத்தில் குறை இல்லை. ஆனால் வேகமாகப் படித்தால் யாரையோ மரியாதையாகக் கூப்பிடுவது போலத் தெரிகிறது. விட்டுவிடலாம்.

என் கவலை வேறு. மனிதர்களின் அடிப்படைத் தேவைகளைப் பேசும் கட்டுரைக்குத் தாங்குதிறன் என்ற ஒரு சொல் போதாது. அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். முதலில் அது கப்பல்காரர்களின் சொல்: ஒரு கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றும்? பிறகு மேய்ச்சல் நிலத்துக்கு வந்தது: இந்தப் புல்வெளியில் எத்தனை மாடு மேயலாம்? பெல்ஜியக் கணிதர் வெர்ஹுல்ஸ்ட் 1838-லேயே மக்கள்தொகை ஓர் உச்சவரம்பை நோக்கிப் போய் நிற்கும் என்று சமன்பாடு எழுதியிருந்தார். பின்னால் வந்த சூழலியலாளர்கள் அந்த உச்சவரம்புக்கு இந்தப் பெயரை ஒட்டினார்கள். மாட்டுக்குச் சரி, ஒரு மாடு தின்னும் புல்லும் இன்னொரு மாடு தின்னும் புல்லும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மனிதர்கள் அப்படியா? 1995-ல் மக்கள்தொகை அறிஞர் ஜோயல் கோஹன், பூமி எத்தனை பேரைத் தாங்கும் என்று அதுவரை பலர் போட்ட கணக்குகளைத் திரட்டினார். 100 கோடிக்கும் கீழே என்பதிலிருந்து ஒரு லட்சம் கோடிக்கும் மேலே என்பது வரை விடைகள் கிடந்தன. ஒவ்வொருவரும் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்குப் போட்டவர் எதை வைத்துக்கொண்டாரோ அதுதான் விடையாக வந்திருக்கிறது.

'தாங்கு' என்று சொன்னவுடனே மனம் சுமையைத்தான் பார்க்கிறது. சுமை என்றால் தலைகள். உடனே 'ஜனத்தொகையைக் குறை' என்ற முடிவுக்குப் போய்விடுகிறோம். 2022 நவம்பரில் உலகம் 800 கோடியைத் தொட்டது. ஐ.நா.வின் 2024 கணிப்புப்படி 2080-களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சம் தொட்டு இறங்கும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தலைமுறையை ஈடுசெய்யத் தேவையான 2.1-க்கும் கீழே. ஆனாலும் எங்கள் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் ஆழம் குறையவில்லையே. தலைக்கணக்கு மட்டும் இதை விளக்காது.

இங்கேதான் நம்ம ஊர்ச் சொல் ஒன்று உதவும் என்று நினைக்கிறேன். வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் கிணற்றோடு தோட்டம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது 'ஊறல் எப்படிங்க?' என்பதுதான். கிணற்றில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், அது பார்த்தாலே தெரியும். மோட்டார் போட்டு இறைத்தபின் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு திரும்ப ஊறுகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். நிற்பது இருப்பு, வருவது ஊறல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் நம் கட்டுரையாளரின் பொருள் முழுக்க இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: ஒரு வளம் ஓராண்டில் தானாகத் திரும்ப உண்டாகும் அளவுக்கு 'ஊறளவு'. ஊறு + அளவு, கொள் + அளவு போலவே வினைத்தொகை.

அரசுக் கணக்கிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாநிலத் துறையோடு சேர்ந்து, ஒவ்வொரு பிர்காவிலும் (வருவாய்க் குறுவட்டம்) ஆண்டுக்கு எவ்வளவு நீர் நிலத்தில் இறங்குகிறது, அதில் எடுக்கத்தக்கது எவ்வளவு, எடுக்கப்படுவது எவ்வளவு என்று சதவீதம் போடுகிறது. 70 வரை பாதுகாப்பு. 90-ஐத் தாண்டினால் அபாயம். 100-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி எடுக்கிறோம் என்று பொருள். சேலம் மாவட்டத்தில் பல பிர்காக்கள் 100-ஐத் தாண்டியவை. வருவதற்கு மேலே எடுக்க முடிவது எப்படி? நமக்குக் கீழே இருப்பது கடும்பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர். போர் ஆழம் போகப் போக, எத்தனையோ ஆண்டுகளாக அந்த வெடிப்புகளில் சேர்ந்ததைத் தொட்டு இறைக்கிறோம். ஊறளவைத் தாண்டி இருப்பில் கைவைப்பது. வெளியே பார்த்தால் மோட்டார் ஓடுகிறது, மரவள்ளி பச்சையாக நிற்கிறது, ஒன்றும் கெட்டுப்போனதாகத் தெரியாது. உலகம் முழுக்க நன்னீர் எடுப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் விவசாயத்துக்குத்தான் போகிறது என்பதால், இது சேலத்துச் சமாச்சாரம் மட்டுமில்லை. பஞ்சாபின் நெல் வயலுக்கும் இதே கதைதான்.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த இன்னொன்று, ஊறளவு கூடும், குறையும். சேர்வராயன் மலையில் நிழல்மரங்களுக்குக் கீழே காபியும் மிளகும் இருக்கிற சரிவில் மழை மெதுவாக இறங்குகிறது. அதே சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டடம் எழுப்பினால் அதே மழை ஒரே நாளில் ஓடைவழி இறங்கிப் போய்விடும். மழை மாறவில்லை, ஊறளவு குறைந்துவிட்டது. அந்த மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறுதான் சேலம் நகருக்குள் ஓடுகிறது. அதன் நிலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரியைத் தூர்வாரினால், வரத்துக் கால்வாயைத் திறந்துவிட்டால் ஊறளவு கூடும். தாங்குதிறன் என்ற சொல்லில் இந்தக் கூட்டல் கழித்தல் சட்டென்று கண்ணில் படாது.

> 'ஊறு' என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே. 'ஊறளவு' என்பதைச் சேதத்தின் அளவு என்று படிக்க மாட்டார்களா?

நியாயமான கேள்வி அம்மா. ஆனால் ஊறுகாயைப் பார்த்து யாரும் பயப்படவில்லையே! தீங்கைச் சொல்லும் 'ஊறு' பெயர்ச்சொல், ஊறளவில் இருப்பது வினை. தேவையானால் முதன்முறை வரும் இடத்தில் 'ஆண்டு ஊறளவு' என்று எழுதினால் தெளிந்துவிடும். யாழ்ப்பாண நண்பர் தந்த 'மீளுருவாக்க அளவு' பொருளில் துல்லியம்தான். ஆனால் பம்புசெட் வைத்திருப்பவர் வாயில் அது வராது.

எல்லை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வளத்துக்கும் ஊறளவு கிடையாது. சேலம் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டுகிற வெள்ளைக்கல்லுக்கு (மேக்னசைட்) இருப்பு மட்டும்தான், ஊறல் இல்லை. அது போகட்டும் என்று விடலாம். உரத்துக்கான பாஸ்பேட் பாறையும் அதே இனம் என்பதுதான் பெரிய சிக்கல். யூரியாவுக்கான நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்கலாம், ஆற்றல் செலவாகும், அவ்வளவுதான். பாஸ்பரஸைப் பெரும்பாலும் பாறையிலிருந்துதான் வெட்டியெடுக்கிறோம். அறியப்பட்ட இருப்பில் பெரும்பகுதி மொராக்கோ பக்கம் இருக்கிறது. 1,000 கோடிப் பேருக்குச் சோறு என்று எழுதும்போது இதைத் தொடாமல் போகாதீர்கள். இங்கே 'ஊறா வளம்' என்று எழுதலாம்.

தேவைப் பக்கத்துக்கும் ஒரு வரி. 2020-ல் வந்த ஓர் ஆய்வு, எல்லோருக்கும் கண்ணியமான வீடு, உணவு, மருத்துவம், கல்வி, போக்குவரத்து என்று கணக்கிட்டு, திறமையான தொழில்நுட்பமும் அளவான நுகர்வும் இருந்தால் 2050-ல் 1960-களின் அளவு ஆற்றலே போதும் என்கிறது. அந்தக் குறைந்தபட்சத்துக்கு 'போதளவு' என்று வைக்கலாமா? எனக்கே முழுத் திருப்தி இல்லை. 'தேவையளவு' என்பது எளிது, ஆனால் ஆசையும் அதற்குள் நுழைந்துவிடும்.

கட்டுரையில் எப்படி உட்காரும் என்று பார்க்க ஒரு வாக்கியம்: "ஒரு வட்டாரத்தின் தாங்குதிறன் அங்குள்ள வளங்களின் ஊறளவையும், மக்கள் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் அளவையும் பொறுத்தது." நெருடவில்லை என்று நினைக்கிறேன்.

கடல் மீன்வளத்துக்கும் இது பொருந்துமா என்று தூத்துக்குடி, நாகப்பட்டினம் நண்பர்கள் சொல்லுங்கள். மீன் 'ஊறும்' என்று கரையில் யாராவது சொல்வார்களா, அல்லது அவர்களிடம் வேறு நல்ல சொல் இருக்கிறதா?

அன்புடன்,
சேலத்திலிருந்து