இன்னும் 11 நாள்தான் இருக்கிறது, இஓடி (வேலை முடிக்கக் கால நீட்டிப்பு) எப்படிக் கேட்பது? (அரசாங்கக் குத்தகை)

நிபோங் திபால் மகள்:
வணக்கம். அப்பா சிறு குத்தகையாளர். கணக்கும் கடிதமும் நான் பார்க்கிறேன். ஒரு பள்ளியில் கூரையும் கழிப்பறையும் பழுதுபார்க்கும் வேலை, 900,000 வெள்ளி (ரிங்கிட்), ஜேகேஆரின் (பொதுப்பணித் துறையின்) 203ஏ ஒப்பந்தம். முடிக்க வேண்டிய தேதிக்கு 11 நாள் இருக்கிறது, ஆனால் அதைத் தாண்டி இன்னும் 30 நாளாவது ஆகும். எல்ஏடி, அதாவது தாமதத்துக்குப் பிடிக்கும் இழப்பீடு, நாளுக்கு 168 வெள்ளி, அப்படியே போனால் 5,000 வெள்ளிக்கு மேல் பிடித்துவிடுவார்கள். கணினி அறையைக் காலி செய்யாததால் சைட் 12 நாள் தாமதமாகத்தான் கிடைத்தது, தேர்வு என்று 8 நாள் துளை போடவே விடவில்லை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர் மழை. அப்பா எதற்கும் கடிதம் போடவில்லை. "டெக்னீஷியன் பரவாயில்லை என்றாரே" என்கிறார். சைட் டைரியைத் திறந்தால் சிமெண்டு விரல் பதிந்த பக்கங்களில் 'ஹுஜான்', 'ஹுஜான்' (மலாயில் மழை) என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

பிறை கட்டடம்:
தங்கச்சி, மழையை முதலில் போடுங்கள். எத்தனை நாள் மழையோ அத்தனை நாள் கேளுங்கள். எனக்கு ஒருமுறை கொடுத்தார்கள்.

கேஎல் கியூஎஸ்:
அண்ணே, அதை முதலில் வைத்தால் மற்றதும் பலவீனமாகிவிடும். ஒப்பந்தத்தில் கால நீட்டிப்புக்கான 43ஆவது பிரிவு கேட்பது வெறும் மழை அல்ல, வழக்கத்தை மீறிய மோசமான வானிலை. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் எப்போதுமே அதிக மழை பெய்யும் மாதங்கள், விலை போடும்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். 2017 நவம்பர் 4, 5இல் கொட்டியதே, அந்த மாதிரி என்றால் பேசலாம். மழையைக் கேட்பதாக இருந்தால் வானிலைத் துறையான மெட்மலேசியாவிடம் பக்கத்து நிலையத்தின் தினசரி மழை அளவை வாங்கி, கூரை வேலை நின்ற நாளோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். உள்ளே டைல்ஸ் ஒட்டிய நாளைச் சேர்க்காதீர்கள்.

தங்கச்சி, உங்கள் பலம் அந்த 12 நாள்தான். ஏற்புக் கடிதத்தில் சைட் ஒப்படைக்கும் தேதி என்ன, உண்மையில் சாவி எப்போது கைக்கு வந்தது, இரண்டையும் எடுத்து வையுங்கள்.

நிபோங் திபால் மகள்:
நன்றி அக்கா. ஆனால் அதெல்லாம் நடந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டதே, இப்போது எழுதினால் ஏற்பார்களா?

பழைய எஸ்ஓ:
அம்மா, தாமதம் ஆகும் என்று தெரிந்த உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். பிந்தினால் மறுக்க ஒரு காரணம் கொடுத்தது போல ஆகிவிடும். ஆனாலும் நான் எஸ்ஓவாக (ஒப்பந்த வேலையை மேற்பார்க்கும் அரசாங்க அதிகாரியாக) இருந்தபோது, தேதிக்கு முன்பு ஆதாரத்தோடு வந்த கடிதத்தைத் தூக்கிப் போட்டதில்லை. தேதி தாண்டி, 40ஆவது பிரிவின்படி வேலை முடியாததற்கான சான்றிதழ் போய்விட்டால் எல்ஏடி ஓட ஆரம்பித்துவிடும், அதற்கு அப்புறம் பேசுவது கஷ்டம். அதனால் இன்றே எழுதுங்கள். டெக்னீஷியன் சொன்னது கணக்கில் வராது, தலைமையாசிரியர் சொன்னதும் எஸ்ஓ உத்தரவு ஆகாது. ஆனால் அவர் நிறுத்தச் சொன்ன செய்தி கையில் இருந்தால் இணையுங்கள், நடந்தது நடந்ததுதான் என்பதற்கு அது சாட்சி. ஒவ்வொரு காரணத்துக்கும் நாள், எந்த வேலை நின்றது, வேலைத் திட்டத்தில் அது எதைத் தள்ளியது என்று பிரித்து எழுதுங்கள். மொத்தமாக 30 நாள் என்று கேட்டால் மதிப்பிட முடியாது.

நிபோங் திபால் மகள்:
அப்பாவின் கைப்பேசியில் தேடினேன். பூட்டு தொங்கும் கணினி அறைக் கதவு, தேதியோடு ஒரு படம். தேர்வு முடியும்வரை துளை போடவேண்டாம் என்று மலாயில் பள்ளி அனுப்பிய செய்தியும் இருக்கிறது. 12க்கும் 8க்கும் தனித்தனியாக எழுதி, மழைக்குக் கூரை நின்ற 6 நாளை மட்டும் சேர்த்தேன். காலையில் அலுவலகத்தில் கொடுத்து என் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் வாங்கிவிட்டேன். வேறு எதுவும் விட்டுவிட்டேனா?

கேஎல் கியூஎஸ்:
காப்புறுதி! இஓடி கிடைத்தாலும் பாலிசி பழைய தேதியோடு நின்றுவிடும். வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால் அதன் முடிவுத் தேதியையும் பாருங்கள். இரண்டையும் இந்த வாரமே நீட்டச் சொல்லுங்கள்.