சஸ்காட்சவன் நாமினேஷன் கையில், ஸ்காபரோவில் சொந்தம்: எங்கே இறங்குவது?

பாய்லர்காரன்
வணக்கம். திருச்சிப் பக்கம் ஒரு காகித ஆலையில் பாய்லர் பராமரிப்பில் பதினோரு வருடம் ஓட்டிவிட்டேன். மனைவி பி.எஸ்சி. நர்ஸிங், ஐ.சி.யு.வில் ஏழு வருடம். பையனுக்கு ஐந்து வயது. கனடா குடியேற்றத்துக்கு மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் என் மதிப்பெண் 460ஐத் தாண்டவே இல்லை. சஸ்காட்சவன் மாகாண நாமினேஷன் (மாகாண அரசின் பரிந்துரை) கிடைத்து 600 சேர்ந்த பிறகுதான் பி.ஆர். (நிரந்தர வாசி அனுமதி) வந்தது. மார்ச்சில் கிளம்ப வேண்டும்.

இப்போது வீட்டில் பஞ்சாயத்து. மனைவியின் பெரியப்பா மகன் டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறார். "முதல்ல இங்க வாங்க மாப்பிள்ளை, ஆறு மாசம் இருந்து பாருங்க, அந்தப் பனிக்காட்டுல போய் என்ன பண்ணப் போறீங்க" என்கிறார். சஸ்காட்சவனின் பெரிய நகரமான சஸ்கட்டூனில் எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள். "எல்லா ஊரும் நல்ல ஊர்தான்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது எங்கள் மாமனாரே சொல்லிவிட்டார்.

நெல்லியடி
தம்பி, உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. நான் ரொறன்ரோ வந்து 24 வருடம். புதிதாக வருகிறவனுக்கு முதல் ஆறு மாதம்தான் கண்டம். வாடகைக்கு வீடு கேட்டால் இங்கே சம்பளச் சீட்டு எங்கே, கடன் வரலாறு எங்கே என்பார்கள். உங்களிடம் இரண்டும் இராது. தெரிந்த தமிழ் ஆள் ஒருவர் தன் பேஸ்மென்ட்டைத் தருவார், கதை முடிந்தது. மார்க்கம் ரோட்டில் இறங்கி நடந்தால் வக்கீல், பல் வைத்தியர், வரிக் கணக்குப் பார்ப்பவர், கார் ஓட்டப் பழக்குபவர் எல்லாரும் தமிழில் கதைப்பார்கள். வேலையும் அப்படித்தான். என் முதல் வேலை மேல்வீட்டுக்காரர் சொல்லிக் கிடைத்தது, பேப்பரில் பார்த்து இல்லை.

இன்னொன்று. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளைக்கு நாலு வயதிலேயே முழுநாள் பள்ளி. சனிக்கிழமையில் பள்ளிக்கூட வாரியமே தமிழ் வகுப்பு நடத்துகிறது. சஸ்கட்டூனில் உங்கள் பையன் யாரோடு தமிழ் கதைப்பான், உங்களோடு மட்டும்தானே?

மைனஸ்நாற்பது
அண்ணன் சொன்ன வாய்வழி வேலை என்ன வேலை என்பதையும் சொல்லியிருக்கலாம். நானே சொல்கிறேன்: கிடங்கில் பெட்டி அடுக்குவது. 2019இல் நானும் முதலில் ஸ்காபரோவில்தான் இறங்கினேன், மதுரைக்கார நண்பன் வீட்டில். "தற்காலிகமாக" கிடங்கு வேலை, பதினான்கு மாதம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்தால் விண்ணப்பம் போடக்கூடத் தெம்பிருக்காது. ரெஸ்யூமேயில் கடைசி வரி கிடங்கு என்று ஆனபின் மெக்கானிக்கல் வேலைக்கு எவனும் கூப்பிடவில்லை. பிறகுதான் சஸ்கட்டூன் வந்தேன். இப்போது பொட்டாஷ் (உரத்துக்கான உப்பு) சுரங்கத்தில் பராமரிப்பு.

பாய்லர்காரன், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கனடாவின் பல மாகாணங்களில் நீராவி பாய்லர் ஓட்டுகிறவருக்கு "பவர் இன்ஜினியர்" என்று பெயர், நாலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று முதல் வகுப்பு வரை ஏறும் சான்றிதழ். தேர்வு பெரும்பாலான மாகாணங்களுக்குப் பொதுவானது. சஸ்காட்சவனில் டிசாஸ்க், ஆல்பர்ட்டாவில் ஆப்சா, ஒன்ராறியோவில் டி.எஸ்.எஸ்.ஏ. நடத்துகின்றன. உங்கள் ஊர் அனுபவத்தை எவ்வளவு கணக்கில் எடுப்பார்கள் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். வெறும் "இன்ஜினியர்" என்று பெயர் போட்டுக்கொண்டு வேலை செய்ய மாகாண உரிமம் வேண்டும், அது வேறு பாதை, வருடக்கணக்கு. நாலாம் வகுப்பு மாதக்கணக்கு. அது இல்லாவிட்டால் மில்ரைட் வேலை இருக்கிறது: பம்ப், கியர்பாக்ஸ், கன்வேயர் என்று நீங்கள் இத்தனை வருடம் கை வைத்ததேதான். சஸ்கட்டூனுக்குக் கிழக்கே 140 கிலோமீட்டரில் ஜான்சன் என்று புதிய பொட்டாஷ் சுரங்கம் கட்டுகிறார்கள், 2021இல் ஒப்புதல் கிடைத்தது. வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போகாமல் இடியாப்பம் எங்கே கிடைக்கிறதோ அங்கே போனால் எப்படி?

நெல்லியடி
இடியாப்பத்தை இழுக்காதீர்கள். பொட்டாஷ் விலை விழுந்தால் என்ன செய்வீர்கள்? 2016இல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் புத்தம்புது பொட்டாஷ் சுரங்கத்தை மூடினார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. ஒரு தொழிலை நம்பிய ஊரில் அது படுத்தால் ஊரே படுக்கும், வீட்டையும் விற்க முடியாது. இங்கே ஒரு கொம்பனி மூடினால் அடுத்தது ஸ்காபரோவிலோ பக்கத்து மிசிசாகாவிலோ இருக்கும். இங்கே 2026 ஜனவரியிலிருந்து வேலை விளம்பரத்தில் "கனடிய அனுபவம்" கேட்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

மைனஸ்நாற்பது
விளம்பரத்தில் கேட்கக் கூடாது. நேர்காணலில் மனசுக்குள் கேட்டுக்கொள்வதை எந்தச் சட்டம் தடுக்கும்? விலை விழும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை.

சும்மாகேக்குறேன்
ஏன் இவ்வளவு குழப்பம்? பி.ஆர். வந்தாச்சு. கனடா உரிமை சாசனம் 6ஆம் பிரிவு, நிரந்தர வாசி எந்த மாகாணத்திலும் குடியேறலாம். நாமினேஷன் என்பது ரயில் டிக்கெட். ஊர் வந்ததும் கிழித்துப் போட வேண்டியதுதான்.

மைனஸ்நாற்பது
இந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. "சஸ்காட்சவனில் வாழ எண்ணியிருக்கிறேன்" என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விமான நிலையத்தில் அதிகாரி "எங்கே போகிறீர்கள்" என்று கேட்பார். ஸ்காபரோ முகவரியைக் கொடுத்து ஆரம்பத்திலிருந்தே வரும் எண்ணம் இல்லை என்று தெரிந்தால், தவறான தகவல் கொடுத்ததாக ஆகும். அதற்கு ஐந்து வருடத் தடை. வந்து, வாழ்ந்து பார்த்து, வேலை கிடைக்காமல் மாறினால் அது வேறு, அப்போது 6ஆம் பிரிவு துணைக்கு வரும். இறங்கும் முன்பே கிழிப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

சட்டத்தை விடுங்கள். 2025இல் மாகாண நாமினேஷன் இலக்கை 1,10,000இலிருந்து 55,000 ஆக வெட்டினார்கள். அதற்குக் காரணம் வீட்டுத் தட்டுப்பாடு, அரசியல் என்று பல. ஆனால் சீட்டு வாங்கியவன் எல்லாம் டொராண்டோவுக்கு ஓடிவிட்டால், அடுத்தவனுக்குச் சீட்டு கொடுக்க எந்த மாகாணத்துக்கு மனசு வரும்? இவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு வரிசையில் இன்னொரு திருச்சிக்காரன் நின்றிருப்பான்.

சும்மாகேக்குறேன்
சரி சரி, கோபப்படாதீங்க தலைவா. டிக்கெட்டைக் கிழிக்கலை.

சினூக்
ஆல்பர்ட்டா மாகாணத்தின் கல்கரியிலிருந்து ஒரு சின்ன எச்சரிக்கை, ஏனென்றால் அடுத்து யாராவது "ஆல்பர்ட்டா போங்க" என்பீர்கள். 2022இல் டொராண்டோவில் எங்கு பார்த்தாலும் "ஆல்பர்ட்டா அழைக்கிறது" விளம்பரம். நானும் கணவரும் டொராண்டோ பக்கத்துப் பிராம்ப்டனைக் காலி செய்துவிட்டு வந்தோம். மாகாண விற்பனை வரி கிடையாது, 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் (ஒன்ராறியோவில் 13, சஸ்காட்சவனில் 11). முதல் பில்லைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் எங்களைப் போலவே எல்லோரும் வந்து இறங்கினார்கள். 1,550 டாலர் வாடகை இரண்டே வருடத்தில் 2,050. இங்கே வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது. கார் காப்பீடும் பிராம்ப்டனுக்குச் சளைத்ததல்ல. அந்த விஷயத்தில் சஸ்காட்சவன்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள், அரசு நிறுவனமே அடிப்படைக் காப்பீடு தருகிறது, வயது, ஊர் என்று பார்த்து ஏற்றுவதில்லை.

பழைய ஆட்களைக் கேட்டால் 2014இல் எண்ணெய் விலை விழுந்தபோது டவுன்டவுனில் மாடி மாடியாக அலுவலகங்கள் காலியானதைச் சொல்வார்கள். ஆனாலும் திரும்பிப் போவேனா என்றால் மாட்டேன். ஜனவரியில் மேற்கிலிருந்து சினூக் என்ற வெப்பக் காற்று அடித்தால் மைனஸ் இருபது காலையில், சாயங்காலம் வாசலில் தண்ணீர் ஓடும். தலைவலி இலவசம்.

உப்புக்காற்று
நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸில் நர்ஸாக இருக்கிறேன். இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், அந்த ஐ.சி.யு. நர்ஸைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லையே! அந்த வீட்டில் முதலில் நிலையான சம்பளம் வாங்கப் போவது அவர்தான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சகோதரிக்கு: பதிவு மாகாணத்துக்கு மாகாணம் வேறு. நோவா ஸ்கோஷியா 2023இல் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டு நர்ஸ்களுக்கு நீண்ட மதிப்பீட்டை ஒதுக்கி, நேராக என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வுக்குப் போகலாம் என்று வழி திறந்தது. சஸ்காட்சவனின் நடைமுறையை அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பிடமே கேளுங்கள். ஆனால் எந்த மாகாணமாக இருந்தாலும் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலின் சரிபார்ப்புக் கடிதமும் படித்த கல்லூரியின் பாடநேரக் கணக்கும் வேண்டும். திருச்சியில் இருக்கும்போதே வாங்குங்கள். நான் இங்கே வந்தபின் கேட்டேன். என் அப்பா அதற்காக நாலு தடவை பஸ் ஏறி இறங்கினார், நாலாவது தடவை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போய் நின்றாராம்.

ஒரு மாகாணத்தில் பதிவு கிடைத்துவிட்டால் இன்னொன்றுக்கு மாறுவது கனடாவுக்குள் அவ்வளவு கஷ்டமில்லை. சஸ்காட்சவனில் கிராமப்புற மருத்துவமனைகளுக்கு மூன்று வருடம் இருப்பதாக ஒப்புக்கொண்டால் 50,000 டாலர் வரை ஊக்கத்தொகை என்று 2022இல் ஆரம்பித்தார்கள். எந்த ஊர், எந்தப் பணி என்று பார்த்துத்தான் தருவார்கள். ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போடும் முன் அந்த ஊரில் கணவருக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

நெல்லியடி
தங்கச்சி நல்ல விஷயம் சொன்னீர்கள். ஆனால் நான் சொல்ல வருவதை ஒருவரும் கணக்கில் போடவில்லை. போன வருடம் ஊரில், நெல்லியடியில், அப்பா செத்துப்போன செய்தி விடிய நாலு மணிக்கு வந்தது. ஆறு மணிக்கு என் வீட்டில் இருபது பேர். பத்து மணிக்குச் செருப்பு வைக்க வாசலில் இடமில்லை. மூன்று நாள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, யார் எந்தச் சட்டியைக் கொண்டுவந்தார்கள் என்று இன்னும் மனைவி தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சஸ்காட்சவன் தலைநகர் ரெஜைனாவில் என் தங்கை குடும்பம் இரண்டு குளிர்காலம் இருந்தது. நல்ல வேலை, நல்ல வீடு. ஆனால் ஃபோன் எடுத்தால் ஒரு மணி நேரம் வைக்கமாட்டாள், கதைக்க வேறு ஆளில்லை. கடைசியில் எல்லாவற்றையும் வித்துப்போட்டு எங்களுக்குப் பக்கத்து ஏஜாக்ஸுக்கு வந்துவிட்டார்கள். மனிசர் இல்லாத இடத்தில் சம்பளத்தை வைத்து என்ன செய்வது?

மைனஸ்நாற்பது
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். எங்கள் அம்மா போனபோது இங்கே எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஐந்து. நாலு பேர் வந்தார்கள். கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் பேசத் தெரியாமல் வந்து வாசலில் பனியை வாரிவிட்டுப் போனார். லட்சுமி நாராயணர் கோயிலில் ஒரு பூஜை. அவ்வளவுதான். இன்று பத்துப் பதினைந்து குடும்பம் ஆகியிருக்கிறோம், பொங்கலுக்கு ஒரு பள்ளி ஹாலை வாடகைக்கு எடுக்கிறோம்.

குளிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே காரின் முன்னால் ஒரு பிளக் தொங்கும். இரவு வீட்டுக் கரண்டில் செருகி எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி எழுந்திருக்காது. முதல் ஜனவரியில் பிளக்கைக் கழற்ற மறந்து காரை எடுத்தேன், ஒயர் அறுந்து தெருவில் இழுபட்டது. எதிர்வீட்டுத் தாத்தா ஜன்னலில் நின்று கை தட்டினார். ஆனால் நான் வீடு வாங்கியது 2021இல், ஒரு சம்பளத்தில். ஸ்காபரோவில் இருந்திருந்தால் இன்னும் அதே பேஸ்மென்ட்தான்.

பாய்லர்காரன்
எல்லோருக்கும் நன்றி. இரவு மனைவியை உட்காரவைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். டொராண்டோ விமான நிலையத்தில் இறங்கி, சஸ்கட்டூன் முகவரியையே கொடுத்துவிட்டு, மச்சான் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போவது என்று பேசியிருக்கிறோம். மச்சான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கவுன்சில் கடிதத்துக்குத் திங்கள்கிழமையே விண்ணப்பிக்கிறோம்.

மனைவி கேட்கச் சொன்னது ஒன்றுதான்: மருத்துவமனை ஷிப்ட் காலை ஏழு முதல் இரவு ஏழு என்கிறார்கள். எனக்கும் ஷிப்ட் வேலை என்றால் பையனை யார் பார்த்துக்கொள்வது?

மைனஸ்நாற்பது
நியாயமான கேள்வி, இதில் அண்ணன் பக்கம்தான் பலம் என்று ஒப்புக்கொள்கிறேன். இங்கே ஐந்து வயதுக் கிண்டர்கார்டன் பெரும்பாலும் பாதி நேரம்தான், ஒருநாள் விட்டு ஒருநாள். மீதி நாளுக்கு உரிமம் உள்ள குழந்தைகள் காப்பகம், 2023 ஏப்ரலிலிருந்து ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மாதம் 217.50 டாலர். விலை மலிவு, இடம்தான் கிடைக்காது. இன்றே நாலைந்து இடத்தில் பெயரைக் கொடுத்து வைத்துவிடுங்கள், திருச்சியிலிருந்தே மின்னஞ்சல் போடலாம். இரவு ஏழு மணிவரை திறந்திருக்கும் காப்பகத்தை நான் பார்த்ததில்லை. அதனால் முதல் வருடம் உங்களில் ஒருவர் பகல் வேலை மட்டும் தேடுங்கள். குளிருக்கான கோட் எதையும் அங்கே வாங்காதீர்கள், சென்னைக் கடையில் விற்பது எங்கள் ஊர் அக்டோபருக்குக்கூடத் தாங்காது.

நெல்லியடி
கோட் என் மகனின் பழையது இரண்டு கிடக்கிறது, ஆறு வயது அளவு. அந்த ஒரு வாரத்தில் வந்து எடுங்கோ. ஒரு வாரம் எப்படி ஆறு மாதமாகிறது என்று பார்ப்பம்.